முப்பது நாள் பையில்

பாண்டுங்,
செவ்வாய்க்கிழமை

அன்புள்ள ருஹியாத் அண்ணாவுக்கு,

பெர்த்தில் வெயில் எப்படி? அண்ணியின் முதுகுவலி குறைந்ததா? இங்கே தினமும் மதியம் மழை. நான் நன்றாக இல்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

நீங்களும் யாயத் அண்ணாவும் போன்களை மதிப்பிடும் ‘கந்தோங்’ இணையதளத்தைத் தொடங்கியபோது நான் பள்ளியில் இருந்தேன். செல்போன் கடைக்கு மேலே ஒற்றை அறை, இரண்டு கணினி. நம் மொழியில் பை என்று பொருள்படும் அந்தப் பெயரை வைத்ததே உங்கள் விதியால்தான்: முப்பது நாள் பையில் போட்டுப் புழங்காமல் எந்தப் போனைப் பற்றியும் ஒரு வரி எழுதக் கூடாது. விளம்பரக்காரர் ஒருவர், “புள்ளைக்குக் கல்யாணம் ஆன பிறகுதான் பேர் வைப்பீங்களா?” என்று கத்தினாராம். “அவசரம்னா நீங்களே பாராட்டிக்கோங்க சார்” என்றாராம் யாயத் அண்ணா. இரண்டு மாதச் சம்பளத்தைப் போட்டுப் போன் வாங்குகிறவர்கள் அந்த வரிகளை நம்பித்தான் வாங்கினார்கள்.

பிறகு நீங்கள் விற்றீர்கள். வாங்கிய ஜகார்த்தாக்காரர்கள் ஒரே வாட்ஸ்அப் செய்தியில் யாயத் அண்ணா உட்படப் பதினான்கு பேரை வீட்டுக்கு அனுப்பினார்கள். என்னை வைத்துக்கொண்டார்கள். ஏன் என்று உங்களிடம் சொன்னதில்லை. யாயத் அண்ணாவின் பதினோரு வருடக் கட்டுரைகளை வகை பிரித்து, அவரைப் போலவே எழுதப் பழகும் செயற்கை நுண்ணறிவு இயந்திரத்துக்குப் படிக்கக் கொடுத்தது நான். அந்த நேரத்தில் அவர் மோட்டார் சைக்கிளில் பார்சல் கொண்டுபோய்க் கொடுத்துக்கொண்டிருந்தார். மழையில் ஒரு லாரிக்கடியில் விழும்வரை.

அவர் இறந்த நாற்பதாம் நாள் ஓதுதலுக்குப் பாயில் உட்கார்ந்திருந்தோம். யாரோ ஒருவன் போனில் தளத்தைத் திறந்தான். யாயத் அண்ணா பெயரில் புதுக் கட்டுரை. முதல் வரி: ‘முப்பது நாளாக இது என் பையில் இருக்கிறது.’

“கபருக்குழில சிக்னல் நல்லா கெடைக்குது போல” என்று அவன் முணுமுணுத்தான். அண்ணாவின் மனைவி லிலிஸ் அக்கா போனை வாங்கி முழுதும் படித்தார். “அவரேதான், இமாஸ். பேட்டரியைத் திட்டுற விதத்தைப் பாரு” என்றார்.

பெயரை எடுக்கச் சொல்லி அலுவலகத்தில் சண்டை போட்டேன். பெயர்களையும் சேர்த்துத்தான் வாங்கினார்களாம். விற்றவர் எழுத்தில் கேட்டால் எடுப்பார்களாம்.

அதற்குள் ஒரு போன் கம்பெனி, பழைய முகவரிப் பட்டியலைப் பார்த்து, யாயத் அண்ணா பெயருக்கே புதுப் போனை வீட்டுக்கு அனுப்பிவிட்டது. அக்கா அதைக் கதவில் தொங்கும் அவர் சட்டைப் பையில் போட்டிருக்கிறார். தினமும் எடுத்து சார்ஜ் ஏற்றி, திரும்பவும் அதே பையில் வைக்கிறார். திருப்பி அனுப்பலாம் என்றேன். “சும்மா இருடி. முப்பது நாள் ஆகட்டும். அவரு என்ன சொல்றாருன்னு பாப்போம்” என்றார்.

இன்று பதினேழாம் நாள். அதே போன் அலுவலகத்தில் என் பட்டியலிலும் இருக்கிறது. இயந்திரம் எழுதும் அதன் கட்டுரை முப்பதாம் நாள் காலை அவர் பெயரில் வெளியாக வேண்டும். நான் மறுத்தால் பக்கத்து மேசைக்காரி பொத்தானை அழுத்துவாள்.

இறைவன் உங்கள் வீட்டில் எல்லோரையும் நலமாக வைக்கட்டும். அவர் பெயரை எடுக்கச் சொல்லி ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள். அன்று காலை அக்கா தளத்தைத் திறப்பார். அங்கே அவர் இருக்கக் கூடாது, அண்ணா.

இப்படிக்கு,
இமாஸ்