இருபது தடவை செத்த சாயங்காலம்

மூக்கண்டப்பள்ளி,
12.8.1994

அன்புள்ள அஸ்மத்துக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நீயும் மாமியும் நலமா? எனக்கு ஒன்றுமில்லை, புருவத்தில் ஒரு கீறல், அவ்வளவுதான். என் மெஷின் உதவியாள் திம்மப்பன், துளை போட வேண்டிய இரும்புப் பீஸைத் தலைகீழாக மாட்டியதில் டிரில் உடைந்து தெறித்தது. இது மூன்றாவது தடவை. கண்டபடி திட்டிவிட்டு, அவனை வேலையை விட்டு அனுப்பச் சொல்லிப் புகாரும் எழுதி வைத்தேன்.

அன்று சாயங்காலம் பக்கத்து அறை அக்பர் பாஷா, பெங்களூரில் வாங்கிய வீடியோ கேமை டிவியில் மாட்டினார். எவனோ அருமையாக யோசித்துச் செய்திருக்கிறான். எப்படி ஆடுவது என்று படிக்க ஒரு வரி கிடையாது. திரையில் ஓடும் நம் ஆளுக்கு முதலில் சின்னப் பள்ளம் வருகிறது, விழுந்தாலும் ஏறிவிடலாம். அதில் தாண்டப் பழகிய பிறகுதான் ஆளைக் கொல்லும் பள்ளம். இருபது தடவை செத்தேன், எனக்கே எரிச்சல் வரவில்லை. புதிதாக வருகிறவன் தப்பு செய்வான் என்று தெரிந்தே வரைந்திருக்கிறான்.

பீஸைப் பிடித்து வைக்கும் ஜிக்கை வரைந்தவன் நான். அதில் எப்படி வைத்தாலும் பீஸ் உட்காரும். தப்பு என்னுடையது. காலையில் புகாரைக் கிழித்துவிட்டு, ஜிக்கில் ஒரு பின் அடித்தேன். இனி நேராக மட்டும்தான் உட்காரும்.

திம்மப்பன் பார்த்துவிட்டு, "இத மொதல்லயே அடிச்சிருந்தா எனக்குத் திட்டும் இல்ல, உங்களுக்குத் தையலும் இல்ல சார்" என்றான்.

தையல் என்றதும் பயப்படாதே, நாலுதான்.

ஷிப்ட் பஸ்காரன் ஹாரன் அடிக்கிறான். வரும்போது என் ஸ்வெட்டரைக் கொண்டு வா. சீக்கிரம் வா. கண்ணாடியைப் பார்த்து நானே ஒட்டினால் பிளாஸ்திரி கோணிக்கொள்கிறது.

உன்
கௌஸ் மொய்தீன்