நனைக்காத துணி

ஜூலை 3

அலமாரியின் மேல்தட்டைச் சுத்தம் செய்தபோது அந்தப் பெட்டி கிடைத்தது. உள்ளே மூத்தாள் பாதியில் விட்ட போர்வை. துணியைச் சதுரம் சதுரமாக வெட்டி, நீலக் கோடும் வெள்ளையுமாக மாற்றி மாற்றித் தைத்திருக்கிறாள். அடியில் வெட்டாத துணி இரண்டு: அதே நீலக் கோடு, ஒரு அடர்சிவப்பு. கடைசித் தையலில் குண்டூசி அப்படியே இருந்தது. என் விரலில் குத்தியது. நல்ல வரவேற்பு.

அவள் போய் இரண்டு வருடம். நான் அவருக்கு இரண்டாவதாக வாழ்க்கைப்பட்டு இந்த வீட்டுக்கு வந்து ஐந்து மாதம்.

வாலு கதவருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். வாலு என்பது அவள் அப்பா வைத்த பெயர். அந்த வால்தனத்தை நான் இன்றுவரை கண்டதில்லை. நான் கேட்டதற்குப் பதில், அதற்குமேல் ஒரு சொல் கிடையாது. இன்று அவளாக வாய் திறந்தாள்.

"சித்தி, அத நீங்க முடிச்சுத் தரீங்களா? ஆனா துவைக்காதீங்க. அதுல அம்மா வாசனை இருக்கு."

பத்து வயதுப் பெண் என்னிடம் கேட்ட முதல் காரியம். சரி என்று சொல்லிவிட்டேன். கொஞ்சம் யோசித்திருக்கலாம்.

ஜூலை 5

சிவப்பை ஈரக் கைக்குட்டையால் தேய்த்துப் பார்த்தேன். கைக்குட்டை, மூக்கில் ரத்தம் வந்து துடைத்தது போல் ஆகிவிட்டது.

எதிர்வீட்டுத் தையற்காரம்மாவிடம் எடுத்துப் போய்க் காட்டினேன். "நனைக்காம தச்சேன்னு வையி, மொதல் தண்ணியிலயே வெள்ளையெல்லாம் ரோஸாயிடும். துணியும் இழுத்துக்கும். ஒண்ணு எல்லாத்தையும் நனை, இல்ல எதையுமே நனைக்காத. பாதி நனைச்சது பாதி நனைக்காததுன்னு சேத்துத் தச்சா அப்பறம் கோணிக்கிட்டு நிக்கும்" என்றார்.

அப்படியென்றால் தைத்த பாதியை மூத்தாள் நனைத்தாளா, இல்லையா? யாரிடம் போய்க் கேட்பது? கேட்க வேண்டியவள் சுவரில் படமாகச் சிரித்துக்கொண்டிருக்கிறாள்.

ஜூலை 6

விடுமுறை. மூத்தாளுடைய தையல் மெஷினில் உட்கார்ந்து பழைய துணியில் ஓட்டிப் பார்த்தேன். ஸ்டூல் அவள் உயரத்துக்கு இருக்கிறது, எனக்குக் கால் எட்டவில்லை.

சத்தம் கேட்டதும் அவர் உள்ளிருந்து பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே வந்தார். என் பெயர் இல்லை. வாசற்படியில் என்னைப் பார்த்ததும் முகம் விழுந்துவிட்டது. "டீ போடவா?" என்றார். வேண்டாம் என்றேன். வேறு என்ன சொல்வது?

இந்த வீட்டில் நான் எதைத் தொட்டாலும் அங்கே அவள் கை முந்திக்கொண்டிருக்கிறது. செத்தவள்மேல் என்ன பொறாமை வேண்டிக்கிடக்கு எனக்கு — ஆனா இருக்கே, என்ன பண்ண? துவைக்கணும். நல்லா சோப்பு போட்டு அலசி அவள இந்த வீட்ட விட்டே அனுப்பணும் போல இருக்கு.

ஜூலை 9

தைக்கவில்லை. நான் மூடி வைத்துவிட்டுப் போனால், திரும்பி வரும்போது பெட்டி திறந்து கிடக்கிறது. துணி கலைந்திருக்கிறது. முகம் புதைத்த பள்ளம் தெரிகிறது. வாலுதான்.

ஜூலை 10

தெரிந்துவிட்டது. வெட்டாத நீலத்தைத் தைத்த நீலத்தின்மேல் விரித்தேன். முதல் கோட்டைப் பொருத்தி வைத்தால் போகப் போக விலகுகிறது. தைத்ததில் கோடுகள் நெருக்கம். தண்ணீர் பட்டுச் சுருங்கிய துணி அது. மூத்தாள் நனைத்துவிட்டுத்தான் தைத்திருக்கிறாள். பிறகு ஏன் மிச்சத்தை நனைக்கவில்லை?

அவரிடம் கேட்டேன். "துணி பத்தலன்னு ஆஸ்பத்திரியில சேர்றதுக்கு முந்தின நாள் மறுபடி கடைக்குப் போனா. வாங்கிட்டு வந்து அப்படியே பெட்டியில வச்சா" என்றார். அதோடு எழுந்து போய்விட்டார்.

வந்து நனைச்சுக்கலாம் என்று நினைத்திருப்பாள். இதற்குமேல் இன்று எழுத முடியவில்லை.

ஜூலை 11

வாய்க்கொழுப்பு எனக்கு. துணியை நனைக்காவிட்டால் போர்வை கோணிவிடும் என்று வாலுவிடம் பக்குவமாகத்தான் ஆரம்பித்தேன். "நனைச்சா அம்மா போயிடுவாங்க" என்றாள், வெட்டாத துணியை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு. எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது.

"அது உங்கம்மா வாசனை இல்ல, கடைக் கஞ்சி வாசனை. உங்கம்மா கைபட்டுத் தச்சதயெல்லாம் அவங்களே அப்பவே துவச்சாச்சு."

சொன்ன பிறகுதான் அவள் முகத்தைப் பார்த்தேன். அழவில்லை. துணியை மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டுப் போனாள்.

ஏன்டி சொன்ன? ஒரு குழந்தைகிட்ட — அந்தக் கஞ்சி வாசனையாவது அதுக்கு இருந்துச்சு. அதையும் புடுங்கிட்டேன்.

ஜூலை 12

சாப்பிடக் கூப்பிட்டேன். வரவில்லை.

ஜூலை 13

"என்னாச்சு ரெண்டு பேருக்கும்?" என்றார் அவர். ஒன்றுமில்லை என்று இருவரும் ஒரே குரலில் சொன்னோம். நாங்கள் ஒத்துப்போனது அது ஒன்றில்தான்.

ஜூலை 15

வேலை முடிந்து வந்தபோது குளியலறையில் தண்ணீர் ஓடும் சத்தம். வாலு பள்ளிச் சீருடையோடு தரையில் குந்தியிருந்தாள், முழங்கைவரை ஈரம். ஒரு வாளியில் நீலம். இன்னொன்றில் சிவப்பு.

"செவப்ப அம்மா தனியாத்தான் போடுவாங்க" என்றாள், திரும்பாமலே. "சாயம் நிக்கிற வரைக்கும் தண்ணி மாத்திக்கிட்டே இருப்பாங்க. நான் பக்கத்துல உக்காந்து பாப்பேன். எனக்கு மறந்தே போச்சு சித்தி. அம்மாவே துவச்சாங்கன்னு நீங்க சொன்னீங்கல்ல, அப்பறம்தான் ஞாபகம் வந்துச்சு. பாட்டுக் கூடப் பாடுவாங்க."

புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். வாளித் தண்ணீர் அடி தெரியாத சிவப்பாக இருந்தது. மூத்தாள் கடைசியாகக் கடைக்குப் போய், நிறம் பார்த்து, விலை கேட்டு வாங்கி வந்த சிவப்பு. அவளைத் துவைத்து அனுப்பிவிட ஆசைப்பட்டவள் நான். வாளியின் விளிம்பைப் பிடித்தேன். சாய்க்கக் கை வரவில்லை.

"கொட்டுங்க சித்தி. இன்னும் எத்தன தண்ணி மாத்தணும்" என்றாள் வாலு.

நான் அசையாமல் இருப்பதைப் பார்த்துவிட்டு, வாளியின் மறுபக்கத்தை அவளே பிடித்துக்கொண்டாள்.