என் பேரில் வந்த கார்டு

25.11.2007, ஞாயிறு

மத்தியானம் உள்ளூர் கேபிளில் ஒரு டப்பிங் படம். வெளிநாட்டு டி.வி.க்கென்றே எடுத்ததாம். புருஷன் பெண்டாட்டி காரில் போகிறார்கள், மலையில் பனி கொட்டி வண்டி புதைந்துவிடுகிறது. நான்காம் நாள் காலையில் அவள் தூங்கும்போது அவன் எழுந்து ஆள் தேடிப் போய்விடுகிறான். அவள் தனியாகப் பனியைத் தின்று, கார் சீட்டைக் கிழித்துக் கொளுத்தி ஒன்பது நாள் உயிரோடு கிடக்கிறாள். கடைசியில் அவனே ஆட்களோடு வந்து தூக்கிப் போகிறான்.

பக்கத்து வீட்டு சுமலதா எங்கள் வீட்டில்தான் பார்த்தாள். "இவ்ளோ ஐசு கொட்டிக் கெடக்குது, ஒரு சர்பத் பாட்டில் இருந்தா பொழச்சிக்கலாம்" என்றாள். நமக்குத் தெரிந்த பனி மார்கழிப் பனிதானே!

படம் முடிந்ததும் கேள்வி போட்டார்கள்: அவளை விட்டுவிட்டு அவன் போனது சரியா, தவறா? தபால் கார்டில் எழுதுங்கள், சிறந்த கருத்துக்கு ஹாட்பாக்ஸ். அவ்வளவுதான், இவர் கார்டுக் கட்டை எடுத்துவிட்டார். மில் மூடினதிலிருந்து ஃபர்னிச்சர் கடையில் வேலை. ஆனால் 'முத்தியால்பேட்டை ராஜாங்கம்' என்றால் ரேடியோவிலும் டி.வி.யிலும் பேர் படிக்கிற நேயர் என்றுதான் ஊருக்குத் தெரியும். எப்போதும் நாலு கார்டு. இவர் பேரில் ஒன்று, என் பேரில், மகள் சிந்துஜா பேரில், செத்து ஆறு வருஷமான மாமியார் செல்வாம்பாள் பேரில். பாவம், மேலே போயும் அத்தைக்கு ஓய்வில்லை.

"நீ என்ன சொல்ற கலா?" என்றார்.

"போனது தப்பில்ல. சொல்லாம போனதுதான் தப்பு."

மை வரவில்லை என்று பேனாவை உதறிக்கொண்டிருந்தார்.

26.11.2007

மருந்துக் கடைக்கு வேலைக்குப் போகிற வழியில் நாலு கார்டையும் நான்தான் பெட்டியில் போட்டேன். வழக்கம்போலப் படிக்கவில்லை.

2.12.2007, ஞாயிறு

இன்றைக்கே எழுதிவிடுகிறேன்.

வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். டி.வி.யில் கார்டு படிக்கிற பெண், "பரிசு பெறும் கார்டு, முத்தியால்பேட்டை சந்திரகலா" என்றாள். சிந்துஜா கைதட்டினாள். நானும் சிரித்தேன். சிரிச்சேனே, பாவி!

"அவன் போனது சரியே. சுனாமி அன்று என் கணவரும் என் கையை உதறிவிட்டுத்தான் ஓடினார். அவர் ஓடியதால்தான் எங்கள் மகளுக்கு அப்பா மிஞ்சினார். அன்றைக்கே அவரை மன்னித்துவிட்டேன்."

மன்னிச்சேனாம். நானாம். என்னத்தை மன்னிச்சேன்? கை உதறினது எனக்கே இன்னைக்குத்தானே தெரியும்!

இவர் என்னைப் பார்க்கவில்லை. சுவருக்கு அந்தப் பக்கமிருந்து சுமலதா, "அக்கா, எவ்ளோ பெரிய மனசுக்கா உங்களுக்கு" என்று கத்தினாள்.

3.12.2007

கடையில் சீட்டைப் பார்த்து மருந்து எடுக்கிறேன், மாத்திரைப் பேர் கண்ணில் நிற்கவில்லை.

சுனாமி வந்த அன்றைக்கும் ஞாயிற்றுக்கிழமைதான். சிந்துஜாவை வீட்டில் விட்டுவிட்டு இரண்டு பேரும் வைத்திக்குப்பத்தில் மீன் வாங்கப் போனோம். தண்ணீர் கரையேறி வந்தபோது என் கை அவர் கையில் இருந்தது. அப்புறம் இல்லை. மீன் விற்கிற அஞ்சலாட்சி அக்காதான் என் முடியைப் பிடித்து இழுத்துப் படகுக் கயிற்றைக் கையில் கொடுத்தாள். ஒரு மணி நேரம் கழித்து ஈரப் புடவையோடு வீட்டுக்கு வந்தேன். இவர் வாசலில் உட்கார்ந்திருந்தார். "கை வழுக்கிடுச்சு கலா, மீன் தண்ணி" என்று அழுதார். நான்தான் தலையைத் தடவிச் சமாதானம் சொன்னேன்.

மீன் பை அடுப்பங்கரையில் இருந்தது. முடிச்சுகூட அவிழவில்லை. வழுக்குகிற கையில் பை மட்டும் எப்படி நின்றது? மூன்று வருஷமாக இதை நான் கேட்டுக்கொள்ளவே இல்லை. மடச்சி.

6.12.2007

கேட்டேன்.

"போட்டிக்குத்தான எழுதினேன். சொந்த அனுபவம்னா படிப்பாங்கன்னு கொஞ்சம் சேத்துப் போட்டேன்."

"உதறினீங்களா, இல்லியா?"

"கூட்டத்துல யாருக்கு என்னா தெரியும்? நீதான் உசுரோட இருக்கியே, விடேன்."

விடணுமாம். விடுறதுல கைதேர்ந்தவராச்சே.

9.12.2007, ஞாயிறு

வைத்திக்குப்பம் போனேன். அஞ்சலாட்சி அக்கா கூடையை இறக்கி வைத்துவிட்டு என் முகத்தையே பார்த்தாள். அவள் டி.வி. பார்ப்பதில்லை. ஊர் சொல்லியிருக்கிறது.

"பாத்தேன் கண்ணு. நீ ரெண்டு கையாலயும் புடிச்சிருந்த. ஒரு உதறு உதறிட்டு ஓடினாரு."

"ஏன்க்கா எங்கிட்ட சொல்லல?"

"சொல்லி? நீ அந்த வூட்லதான வாழணும்?"

அவளைக் கோபிக்க முடியவில்லை. பயத்தில் உதறியிருக்கலாம். சாவு துரத்தும்போது யார் யோக்கியர்? அதைக்கூட விட்டுவிடுவேன். ஆனால் என் மடியில் படுத்து அழுதாரே, அது? எனக்கே தெரியாமல் என் பேரில் மன்னிப்பையும் எழுதி, அதை என் கையாலேயே போஸ்ட் பண்ண வைத்தாரே, அது?

13.12.2007

ஹாட்பாக்ஸ் வந்துவிட்டது. "உன் பேர்ல வந்திருக்கு, நீதான் கையெழுத்துப் போடணும்" என்று சேனல் ஆபீசுக்கு அழைத்துப் போனார். போட்டேன். ராத்திரி அதில்தான் சோறு. "பாரு, எவ்ளோ நேரம் சூடா இருக்குது" என்கிறார் இந்த ஆள்.

17.12.2007

கார்டு எழுதினேன். ஹாட்பாக்ஸ் கொடுத்த பிறகும் ஜனங்கள் அந்தப் படத்தைப் பற்றி எழுதிக்கொண்டே இருக்கிறார்களாம், வாராவாரம் படிக்கிறார்கள். அவர் பேரில் எழுதினேன். அவர் கையெழுத்து எனக்கு வராதா என்ன, பதினொரு வருஷமாகப் பார்க்கிறேன்.

"அவன் போனது தவறு. சுனாமியில் என் மனைவி கையை உதறிவிட்டு ஓடினேன். மீன் பையை விடவில்லை. கை வழுக்கிவிட்டது என்று அவளிடம் பொய் சொன்னேன். போன முறை அவள் பேரில் வந்த கார்டும் நான் எழுதியதுதான். அவள் என்னை மன்னிக்கவில்லை. – முத்தியால்பேட்டை ராஜாங்கம்."

தெருவே கேட்கட்டும். தலை குனியட்டும்.

23.12.2007, ஞாயிறு

படித்தார்கள். ஒரு எழுத்து விடாமல்.

ரிமோட்டைத் தேடினார், கிடைக்கவில்லை. நான் அதன்மேல்தான் உட்கார்ந்திருந்தேன். முகம் செத்துப்போயிற்று. "நீதானா?" என்றார். "நீங்கதான. உங்க பேர்தான போட்டிருக்கு" என்றேன். சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

நிம்மதியாக இருந்தது. இல்லையென்று பொய் சொல்ல மாட்டேன்.

26.12.2007, புதன்

மூன்றாம் வருஷம். கடற்கரையில் மெழுகுவத்தி ஏற்றினார்கள். நான் சிந்துஜாவை மட்டும் கூட்டிப்போனேன். அவள் மணிக்கட்டைப் பிடித்திருந்தேன், "வலிக்குதும்மா" என்றாள்.

திரும்பும்போது டீக்கடையில் இவர். சுற்றி நாலு பேர். தணிகாசலம், பழைய மில் கூட்டாளி, இவர் தோளைத் தட்டிக்கொண்டிருந்தார். "பொண்டாட்டிய வுட்டுட்டு ஓடினேன்னு எந்த ஆம்பள எழுதுவான்? நீ மனுஷன்யா!"

"இல்லை, அதை நான் எழுதவில்லை" என்பார் என்று நின்றேன். ஆத்திரத்திலாவது என்னைக் காட்டிக்கொடுப்பார் என்று நின்றேன்.

டீயை ஒரு வாய் உறிஞ்சிவிட்டுச் சொன்னார், "மூணு வருஷமா மனசு உறுத்திக்கிட்டே இருந்திச்சி தணிகாசலம். ரெண்டு ராத்திரி தூங்காம எழுதினேன்."

அடப்பாவி மனுஷா! அதையும் எடுத்துக்கிட்டியா!

29.12.2007

எதிர்வீட்டில், ரேஷன் கடையில், ஃபர்னிச்சர் முதலாளியிடம், எல்லாரிடமும் சொல்லிவிட்டார். நேற்று சுமலதாவிடம் சொல்லும்போது கண்கூடக் கலங்கிற்று.

என்னிடம் இன்னும் சொல்லவில்லை. நானும் நாலு நாளாகச் சாப்பாடு போடும்போதெல்லாம் கொஞ்ச நேரம் நின்று பார்க்கிறேன். குழம்பு கேட்கிறார்.

31.12.2007, திங்கள், கனகசெட்டிக்குளம்

அண்ணன் வீட்டில் உட்கார்ந்து எழுதுகிறேன். சிந்துஜாவுக்கு அரைப் பரீட்சை லீவு. லீவு முடிந்தால் பள்ளிக்கூடத்துக்கும் கடைக்கும் இங்கிருந்தே பஸ் இருக்கிறது.

காலையில் இவர் புத்தாண்டுப் போட்டிக்குக் கார்டு எழுதிக்கொண்டிருந்தார். "உன் பேர்லயும் ஒண்ணு போடுறேன்" என்றார். "என் பேர்ல வேணாம்" என்றேன். நிமிராமல் தலையாட்டினார்.

பெட்டியை வாசலில் வைத்துவிட்டுத் திரும்பவும் உள்ளே போனேன். சொல்லாமல் கிளம்ப எனக்கு மனம் வரவில்லை.

"போறேன்" என்றேன்.

அப்போதுதான் பேனா நின்றது. "போயிட்டு வரேன்னு சொல்லு, கலா."

சிந்துஜா கையைப் பிடித்துக்கொண்டு இறங்கிவிட்டேன்.