மாம்பழத்தோல் முறுக்கு

இன்று காலை உலர்த்தியைத் திறந்ததும் மாம்பழத்தோல் வாசனை ஆளையே தூக்கியது. கூழ் பிழிந்த பிறகு லாரியில் ஏற்றிக் குப்பைக்கு அனுப்பிக்கொண்டிருந்தோமே, அதே தோல்தான். இதை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேனடி?

தேர்வாய் கண்டிகைத் தொழிற்சாலையில் நீயும் நானும் ஒரே சோதனைக்கூடத்தில் இருந்தோம். தோலில் ஆன்டிஆக்ஸிடன்ட் நிறைய இருக்கிறது, எண்ணெய்ப் பண்டம் காறிப்போகாமல் காக்கும் என்று மேலாளரிடம் நீதான் மல்லுக்கு நின்றாய். நான் வழக்கம்போல் வாயைத் திறக்கவில்லை. "செஞ்சு காட்டுங்க. இல்லன்னா இந்தப் பேச்சை இதோட விட்டுடணும்" என்றார் அவர்.

புதுவாயலில் உன் வீட்டு அடுப்பில் முறுக்கு சுட்டோம். ஒரு டப்பாவில் சாதா முறுக்கு, இன்னொன்றில் வெயிலில் காயவைத்து இடித்த தோல் பொடி கலந்தது. இரண்டையும் சோதனைக்கூட அலமாரியில் வைத்து வாரக்கணக்கில் காத்திருந்தோம்.

மேலாளர் வந்த அன்று சாதா டப்பாவைத் திறந்தேன். காறல் வாடையில் மூக்கைப் பொத்திக்கொண்டார். அடுத்ததைத் திறந்தால் அடியில் கொஞ்சம் தூள் மட்டும் கிடந்தது. உன் பக்கம் திரும்பினேன்.

"இன்னாடி இது?"

"ஷிப்டு ஆளுங்க துன்னுக்கினே இருந்தாங்க. நேத்து நானும் டீயோட நாலு துன்னேன்" என்றாய், கொஞ்சமும் வெட்கமில்லாமல். பிறகு அவர் பக்கம் திரும்பினாய். "சார், கெட்டுப்போயிருந்தா துன்னுவாங்களா? அந்த டப்பாவ எவனாச்சும் தொட்டானா பாருங்க!"

அவர் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். "திரும்பவும் சுடுங்க. இந்தத் தடவை பூட்டு போட்டு வைங்க" என்றார். பூட்டி வைத்த முறுக்கும் கெடவில்லை. உலர்த்தி வாங்க ஒப்புதல் வந்தது.

அது வந்து இறங்குவதற்குள், காய்ச்சல் என்று படுத்த நீ எழுந்திருக்கவேயில்லை. கொஞ்ச நாள் அந்த இயந்திரத்தைப் பார்த்தாலே எனக்கு ஆத்திரமாக வரும். இப்போது அதன் சுவிட்சைப் போடும்போது உன் நாலு முறுக்கு ஞாபகம் வந்து சிரித்துவிடுகிறேன்.

இன்று மதியம் கூட்டத்தில் தக்காளித் தோல் பேச்சு வந்தது. "அதுல ஒண்ணும் இருக்காது, லாரியில ஏத்திடுங்க" என்றார் மேலாளர். நான் எழுந்துவிட்டேன். "இன்னா சார், பாக்காமயே குப்பைன்னா எப்டி? செஞ்சு காட்றேன், அப்பால பேசுங்க!"

அறையே திரும்பிப் பார்த்தது. மேலாளர் பேனாவை மூடி வைத்தார். "அவங்களே பேசுன மாதிரி இருக்கும்மா" என்றார். எனக்கு அழுகை வரவில்லை, பெருமையாக இருந்தது.

நாளை மாவு பிசைகிறேன். டப்பாவைப் பூட்டப் போவதில்லை.