மடித்து ஒட்டிய பிளாஸ்திரி

மார்ச் 3, திங்கள்

இன்று இவர் ஒரு மெஷினைத் தூக்கிக்கொண்டு வந்தார். பழைய சாமான் கடையில் பிடித்தாராம். இடப்பக்கம் வீடியோ கேசட் போகும், வலப்பக்கம் டிஸ்க். கேசட்டில் இருப்பது அப்படியே டிஸ்கில் ஏறிவிடுமாம். துடைத்து, மெத்தென்று துணி விரித்து, டிவி பக்கத்தில் உட்கார வைத்திருக்கிறார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் என்னை ஒருநாள் இப்படித் தாங்கியதில்லை.

தங்கைக்காகப் பொறுத்துக்கொள்கிறேன். ஞாயிற்றுக்கிழமை வருகிறாள். அம்மா போனபோது அவளுக்கு மூன்று வயது. போனில் கேட்டாள்: "அம்மா குரல் எப்படி இருக்கும்னே எனக்குத் தெரியாதுக்கா. எதுலயாவது இருக்குமா?"

இருந்தது. எனக்குத் தெரிந்து ஒரே ஒரு கேசட்டில். அதன் மேல்தான் இந்த மகானுபாவர் கால்பந்து இறுதி ஆட்டத்தைப் பதிந்து வைத்தார். முப்பத்திரண்டு வருஷம் ஆகிறது. "நான் போடல" என்று இரண்டு நாள் சொன்னார். அப்புறம் அதையும் விட்டுவிட்டார். பொய்யை எத்தனை நாளைக்கு இழுக்க முடியும்?

மார்ச் 4, செவ்வாய்

அப்பா எடுத்த மற்றக் கேசட்டுகளிலாவது அம்மா பேசியிருக்கிறாளா என்று ஒவ்வொன்றாக ஏற்றுகிறேன். ஒரு மணி நேரக் கேசட் ஏற முழுசாக ஒரு மணி நேரம். ஓட்டித் தள்ள வழியில்லை. அப்பா கேமரா வாங்கிய ஜோரில் மனிதர்களைத் தவிர எல்லாவற்றையும் எடுத்திருக்கிறார். பதினோரு நிமிஷம் வாசல் கேட். கேட் என்ன, எழுந்து ஓடிவிடப் போகிறதா? அம்மா ஓர் இடத்தில் முதுகு, இன்னோர் இடத்தில் கை. பேச்சில்லை.

மார்ச் 5, புதன்

நேற்று எடுத்த டிஸ்க் மூன்றும் பக்கத்து வீட்டு மெஷினில் ஓடவில்லை. கடைசியில் ஒரு பட்டனை அழுத்தி டிஸ்கை 'மூட' வேண்டுமாம். புத்தகத்தில் போட்டிருக்கிறது. "அதெல்லாம் தேவைப்படாது" என்றவர் யார்? நம் வீட்டு இன்ஜினியர்தான். மூன்றையும் திரும்பப் போட்டு மூடினேன்.

அட்டைப்பெட்டியைக் கிழிக்கிறேன் என்று விரலையும் கிழித்துக்கொண்டார். தானே பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டிருக்கிறார், மூலையை மடிக்காமல். ஒரு மூலையை மடித்து ஒட்டினால் பிரிக்கும்போது நகத்துக்கு அகப்படும். வார்டுக்குப் புதிதாக வரும் நர்ஸுகளுக்கு நான் முதலில் சொல்லிக்கொடுப்பதே அதைத்தான். இவருக்கும் ஆயிரம் தடவை சொல்லியாயிற்று.

"எனக்கு அது வரலையே, நான் என்ன பண்ண" என்கிறார்.

"வேற எதுதான் வந்துச்சு? மேட்ச் பதியறது ஒண்ணுதான் வந்துச்சு."

கிழித்த அட்டையைப் பொறுக்கிக்கொண்டு கொல்லைப்பக்கம் போய்விட்டார்.

மார்ச் 6, வியாழன்

இன்று நாலு கேசட். அம்மா குரல் இல்லை.

மார்ச் 7, வெள்ளி

எங்கிருந்தோ அந்த மேட்ச் கேசட்டைத் தோண்டி எடுத்து வந்தார். "இதையும் போடேன். கடைசி வரைக்கும் ஓடட்டும்."

வெட்கமே கிடையாதா இந்த மனுஷனுக்கு? "பாருங்க, நல்லா கண்குளிர பாருங்க" என்று போட்டுவிட்டு, துணி மடிக்க உள்ளே போனேன். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். இரண்டே கால் மணி நேரம்! முடிவு தெரிந்த மேட்ச்!

திடீரென்று கத்தினார். "ஏய், ஓடி வா! சீக்கிரம்!"

மேட்ச் முடிந்திருந்தது. திரையில் கொஞ்சம் கோடு, கொஞ்சம் இரைச்சல். பிறகு எங்கள் பழைய கூடம். அம்மா. நேராகக் கேமராவைப் பார்த்து:

"போதும், அந்தச் சனியன கீழ வைங்க. புள்ளைக்கு மூக்கு ஒழுகுது. தொடைக்க ஆளில்ல, படம் புடிக்க ஆளிருக்கு!"

ஆறு நிமிஷம். அப்பாவைத் திட்டிக்கொண்டே தங்கையின் மூக்கைத் துடைத்தாள். நான் மடித்துக்கொண்டிருந்த சட்டையோடு நின்றேன்.

மூன்று மணி நேரக் கேசட் அது. மேட்சுக்குப் பிறகு மிச்சம் இருக்கும் என்று ஏன் எனக்குத் தோன்றவில்லை? அன்று பந்தைப் பார்த்த ஆத்திரத்தில் நிறுத்திப் பெட்டியில் வீசினேன். அவ்வளவுதான்.

இனி யாரும் இதன் மேல் பதிந்துவிடக் கூடாது என்று கேசட்டைத் திருப்பிப் பார்த்தேன். அழிக்கக் கூடாத கேசட்டென்றால் அதன் முதுகில் இருக்கும் சின்னப் பிளாஸ்டிக் தக்கையை அப்பா ஒடித்துவிடுவார். அந்தக் குழி இருந்தால் மெஷின் பதியாது; மூடிவிட்டால் மறுபடி பதியும். இதில் குழியை யாரோ மூடியிருந்தார்கள். ஆஸ்பத்திரி வெள்ளைப் பிளாஸ்திரி. நகத்தை வைத்தேன். உடனே அகப்பட்டது.

மூலை மடித்திருந்தது.

அய்யோ. நான்தான். அன்று இவர்தான் தன் ஷிப்டிலிருந்து வீட்டுக்குப் போன் பண்ணி மேட்சைப் பதியச் சொன்னார். எனக்கு அடுத்தடுத்து இரண்டு டியூட்டி, சாப்பிட ஓடி வந்திருந்தேன். காலிக் கேசட் உறையில் இருந்ததை எடுத்துப் போட்டால் மெஷின் துப்பியது. பையில் பிளாஸ்திரி இருந்தது. உறை மாறியிருந்ததைப் பார்க்கக்கூட இல்லை. எப்படி மறந்தேன்? மறந்தேனா?

மார்ச் 8, சனி

சொன்னேன். கேசட்டை அவர் மடியில் வைத்துவிட்டு, "இது நான் ஒட்டினது" என்றேன்.

"தெரியும்."

"எப்பலேர்ந்து?"

"அன்னிக்கே. எனக்குத்தான் மூலைய மடிக்க வராதே."

எனக்கு வந்ததே கோபம். "வாயத் தொறந்து சொல்றதுக்கென்ன?"

"அம்மா போனதுலேர்ந்து நீ செவுத்தப் பாத்துட்டே உக்காந்திருப்ப. அன்னிக்குத்தான் மொதமொதலா கத்தி என்னத் திட்டின. சரி, திட்டட்டும்னு விட்டுட்டேன்."

"அதுக்காக முப்பத்திரண்டு வருஷமா?"

"நீ எங்க நிறுத்துன?"

அவர் மடியிலிருந்த கேசட்டை எடுத்து, டிவி பக்கத்தில் அந்த மெத்தென்ற துணி மேல் வைத்தேன்.

மார்ச் 9, ஞாயிறு

தங்கை ஆறு நிமிஷத்தையும் ஐந்து தடவை போட்டுப் பார்த்தாள். அழுதாள், சிரித்தாள். "அக்கா, நீ அத்தானத் திட்டற மாதிரியே இருக்கு" என்றாள். பிறகு அவர் பக்கம் திரும்பி, "மீதியெல்லாம் அழிச்சிட்டீங்களே அத்தான்" என்றாள். அவர் வழக்கம்போலத் தலையைக் குனிந்துகொண்டார்.

"அவர் இல்லடி. நான்" என்றேன்.

மேட்சை மட்டும் தனி டிஸ்கில் ஏற்றி, மூடி, அவரிடம் கொடுத்தேன். லேபிளில் என் கையெழுத்தில்: "கால்பந்து இறுதி ஆட்டம். பதிந்தது நான்." கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தார். லேபிளின் ஒரு மூலையை மடித்துத்தான் ஒட்டியிருந்தேன். அவர் அதைப் பிரிக்கவில்லை.