இருபத்து மூன்று கையெழுத்துகள்

14 அக்டோபர் 2025, செவ்வாய்
மழை. அலுவலகக் கூட்டத்துக்குக் கணினியைத் திறந்த நேரம், கதவு தட்டல். கட்டட மேலாளர் மதிவாணன். கையில் முறுக்கு டின்.
"ஓனர் தீபாவளிக்குக் குடுத்தாரு மா. இருபத்து நாலு வீட்டுக்கும். வாங்குனதுக்கு இங்க ஒரு சைன்."
போட்டேன். முறுக்கு நமத்துப்போயிருப்பதாக அம்மா சொன்னாள்.

20 அக்டோபர், திங்கள்
தீபாவளி. நான்கு மாடியிலும் எண்ணெய் வாசனை. எழுத ஒன்றுமில்லை.

3 நவம்பர், திங்கள்
கதவிடுக்கில் கடிதம். கட்டடத்தைப் புதுப்பிக்கப் போகிறார்களாம். "குடியிருப்போர் அனைவரும் எழுத்து மூலம் சம்மதித்தபடி" டிசம்பர் 31க்குள் காலி செய்ய வேண்டும். திரும்பி வருவதைப் பற்றி ஒரு சொல் இல்லை. இணைப்பில் எங்கள் கையெழுத்துகள். அதற்கு மேலே, நாங்கள் பார்க்காத சம்மத வாசகம். அன்று மதிவாணன் அந்தப் பகுதியை மடித்துப் பிடித்திருந்தார்.
இலக்கியம் படித்தவள் நான். படிக்காமல் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். முறுக்குக்கு.
ஒப்பந்தம் அடுத்த ஆகஸ்ட் வரை இருக்கிறது. அம்மாவின் முழங்காலுக்குத் தரைத்தள வீடு. இந்த வாடகைக்கு ஜொகூர் பாருவில் இன்னொன்று — எங்க போறது? அம்மாகிட்ட எப்படிச் சொல்றது?

8 நவம்பர், சனி
இலவசச் சட்ட உதவி மையம். வழக்கறிஞர் இன்பராணிக்கு என் வயதுதான் இருக்கும்.
"கோர்ட் ஆர்டர் இல்லாம உங்கள யாரும் வெளியாக்க முடியாது. மொதல்ல அத எல்லார்கிட்டயும் சொல்லுங்க. அப்புறம், அந்த சைன எப்படி வாங்குனாங்கன்னு வீடு வீடா எழுதி வாங்குங்க."
வாசல்வரை வந்து சொன்னார்: "இந்தத் தடவ படிச்சுக் காட்டிட்டு வாங்குங்க."
சிரித்தேன். ஐந்து நாளில் முதல் சிரிப்பு.

9 நவம்பர், ஞாயிறு
கதவு தட்டுவது எனக்கு வராது. தட்டினேன். எல்லா வீட்டிலும் ஒரே கதை, டின்னும் மடித்த தாளும்.
கடைசியாக நான்காம் மாடி. மருத்துவமனைச் சலவைப் பிரிவில் வேலை செய்யும் பேச்சியம்மாள் அக்கா. கையெழுத்துப் பட்டியலைக் காட்டினேன்.
"இது யாரு சைன்?"
"உங்களோடதுதான்க்கா."
"அலமாக்! நான் இவ்ளோ அழகாவா எழுதுவேன்?" பிறகு சிரிப்பு நின்றது. "டின்ன நான் தொடவே இல்ல வாசுகி. அவரு போயி அஞ்சு மாசம். ஒரு வருஷத்துக்கு இந்த வீட்ல தீபாவளி இல்லன்னு சொல்லி அனுப்பிட்டேன்."
அப்படியானால் இந்த இருபத்து நாலாவதைப் போட்டது யார்?
படிகளை இரண்டிரண்டாகத் தாண்டி இறங்கினேன்.

10 நவம்பர், திங்கள்
அக்காவுடன் காவல் நிலையம். புகார் பதிவாயிற்று.

22 நவம்பர், சனி
கார் நிறுத்துமிடத்தில் கூட்டம். உரிமையாளர் திரு. லிம் நேரில் வந்தார். தமிழ் தெரியாது, மதிவாணன்தான் மொழிபெயர்ப்பாளர். எங்கள் பக்கம் இன்பராணி, கோப்புடன்.
"எல்லாரும் சைன் பண்ணிட்டு இப்ப டிராமா போடாதீங்க லா," என்றார் மதிவாணன்.
பேச்சியம்மாள் அக்கா முன்னால் வந்தாள். "ஏன் மதி, துக்க வீட்டுல தீபாவளிப் பலகாரம் வாங்குவாங்களா? நீயும் தமிழன்தான? என் சைன நீ போட்டிருக்க. அத மொதலாளிக்கு மலாய்ல சொல்லு பாப்போம்."
அந்த அம்மா என்ன சொல்கிறார் என்று லிம் மலாயில் கேட்டார். மதிவாணன் தன் காலணியைப் பார்த்தார். லிம் மறுபடி கேட்டார்.
நான் சொன்னேன். நான்கு வாக்கியம், குரல் நடுங்காமல். துக்க ஆண்டு என்றால் என்ன என்பதையும் சேர்த்து.
லிம் பட்டியலை வாங்கி, அந்தக் கையெழுத்தை வெகு நேரம் பார்த்தார். உண்மையா என்று மதிவாணனை ஒரே ஒரு முறை கேட்டார். மதிவாணன் ஓரடி பின்வாங்கினார். இது செல்லாது என்று சொல்லி, பட்டியலை இரண்டாக மடித்து இன்பராணியிடம் நீட்டினார்.
இரண்டாம் மாடியிலிருந்து யாரோ விசில் அடித்தார்கள். கைத்தட்டல் எனக்குப் பிடிக்காது. தட்டினேன். உள்ளங்கை இன்னும் சிவந்திருக்கிறது.

1 டிசம்பர், திங்கள்
புதிய கடிதம். பழையது ரத்து. வேலை மாடி மாடியாக நடக்கும். ஒவ்வொரு குடும்பமும் ஆறு வாரம் பக்கத்துக் கட்டடத்தில். பிறகு அதே வீடு, அதே ஒப்பந்தம். மேலாளர் வேறு ஆள்.
படிக்கட்டில் நின்று ஒவ்வொரு வரியையும் தமிழில் உரக்கப் படித்தேன். மூன்று முறை. அதன்பிறகே கையெழுத்து.

7 மார்ச் 2026, சனி
வீட்டுக்குத் திரும்பி ஒரு வாரம். புதுக் குழாய்கள். சுவரில் ஈரம் இல்லை.
நடைபாதைச் சுவருக்கு என்ன நிறம் என்று பெயிண்ட்காரர் கேட்டார். இரண்டு மணி நேரச் சண்டை. பேச்சியம்மாள் அக்கா மஞ்சள் என்கிறாள். இரண்டாம் மாடி நீலம். "இது என்ன கிளினிக்கா?" நான் சாம்பல் என்றேன். "படிச்ச பிள்ளைக்கு ஜெயில்தான் புடிக்குமாம்!" சிரித்தவர்களில் அம்மாவும் ஒருத்தி.
முடிவாகவில்லை. அடுத்த சனிக்கிழமை வரட்டுமா என்றார் பெயிண்ட்காரர்.
அவசரமில்லை, மெதுவாக வாருங்கள் என்றோம்.