சந்தோஷத்தையும் டாக்டரிடம் சொல்

மார்ச் 3

அன்புள்ள அக்காவுக்கு,

நாலு நாளா ரெண்டு மணி நேரம்தான் தூக்கம். ஆனா அலுப்பே இல்லை! நாற்பது சட்டை வெட்டிப் போட்டாச்சு. இதுவரைக்கும் எந்தத் தையல்காரனும் யோசிக்காத ஒரு காலர் மனசுல ஓடுது. "கொஞ்சம் படுங்களேன்"னு என் பெண்டாட்டி பின்னாலேயே சுத்துறா. மனச்சோர்வுன்னு மாத்திரை கொடுத்தாரே, அந்த டாக்டர்கிட்ட இனி எதுக்குப் போகணும்? காலரைப் பத்தி அடுத்த தாளில் விவரமா...

உன் தம்பி

மார்ச் 9

என் ராஜாவுக்கு,

இருபத்திரண்டு பக்கம்! தபால்காரர் "என்னம்மா, நாவலா?"ன்னு கேட்டார். போன மழைக்கு ரெண்டு மாசம் சுவரைப் பார்த்தே படுத்துக் கிடந்தவனா இவன்! வயித்துல பால் வார்த்தே. டாக்டர் வேண்டாம்னா விடு, நீதான் தேறிட்டியே.

அக்கா

ஏப்ரல் 20

தம்பிக்கு,

உன் பெண்டாட்டி போன்ல அழுதா. தைக்கக் கொடுத்த பள்ளிச் சீருடைத் துணி முழுசையும் வெறும் காலர்களாவே வெட்டிட்டியாமே. இப்ப மறுபடியும் எழுந்திருக்கவே மாட்டேங்கிறியாம்.

நான் புத்தக பைண்டிங் பட்டறைக்காரி. உன் ஏழு வருஷக் கடிதங்களையும் தைச்சு வைக்கலாம்னு தேதிவாரியா அடுக்கினேன். அடப்பாவி, ஒவ்வொரு வருஷமும் அதே கதை! தடித்தடியா நாலைஞ்சு கடிதம், அப்புறம் ரெண்டு மாசம் ஒரு வரி கூட இல்லை. நீ பேசாம கிடந்தப்ப டாக்டரைத் தேடினோம். தூங்காம துள்ளினப்ப நான் கை தட்டினேன். எவ்வளவு மடச்சி நான்! டாக்டர்கிட்ட நாம பாதியைத்தான் சொல்லியிருக்கோம்.

கடிதக் கட்டை அப்படியே அனுப்புறேன். அவளையும் கூட்டிக்கிட்டுப் போய்க் காட்டு. என்மேல கோபப்படு, பரவாயில்லை. ஆனா போ.

அக்கா

ஏப்ரல் 30

அக்கா,

கட்டு வந்தது. துக்கம் நோய்னு எல்லாரும் சொன்னீங்க, ஒத்துக்கிட்டேன். என் சந்தோஷமும் நோயா? அப்ப என்னுதுன்னு என்னதான் மிச்சம்?

தம்பி

ஜூலை 12

அன்புள்ள அக்காவுக்கு,

பத்து நாள் உன்மேல கடுகடுன்னு இருந்துட்டு, கடைசியில போனேன். டாக்டர் அரை மணி நேரம் படிச்சார். "இதை ஏன் இத்தனை நாளா யாரும் காட்டலை?"ன்னார். இருமுனைக் கோளாறாம். ரொம்ப ஏறுறதும் ரொம்ப இறங்குறதும் ஒரே நோயோட ரெண்டு பக்கமாம். மாத்திரையை மாத்தினார். முதல்ல கை நடுங்கிச்சு. ஊசியில நூல் கோர்த்துத் தந்தது அவதான். இப்ப பரவாயில்லை. பத்து மணிக்கெல்லாம் கண்ணைச் சொருகுது.

நேத்து கடைக்கு ஒருத்தர் வந்தார். தொப்பை குறைஞ்சுபோச்சாம், பேன்ட்டைப் பிடிச்சுத் தரணுமாம். அளந்து பார்த்தா ஒரு அங்குலம் கூடியிருக்கு! நான் வயிறு குலுங்கச் சிரிச்சேன், அவரும் சிரிச்சார். இவ பட்டன் தைக்கிறதை நிறுத்திட்டு என்னையே பார்த்தா. மறுபடியும் ஏறுதோன்னு எனக்கும் ஒரு சந்தேகம்.

அவர் போனார். சிரிப்பு தானா அடங்குச்சு. நான் அடுத்த துணியை எடுத்தேன், அவ பட்டனை எடுத்தா.

அது என் சிரிப்புதான் அக்கா.

உன் தம்பி